படகுக்கு எண் பதிக்கப் போகும் மருமகனுக்கு

மருமகனே,

பட்டறையில் உனக்கு எண் பதிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். குரலில் கொஞ்சம் வருத்தம். மற்றப் பையன்கள் மோல்டுக்குள் இறங்கி மேட் விரித்து ரெசின் உருட்டும்போது, நீ மட்டும் பென்சிலும் ஸ்டென்சிலுமாக ஓரத்தில் நிற்கிறாயாம். புதிதாக வந்தவன் தலையில் கட்டும் கடைசி வேலை என்றுதான் எல்லாப் பட்டறையிலும் இதை நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் கிடையாது. ஃபைபர் தூசியில் உடம்பெல்லாம் அரித்து, ரெசின் வாடையில் மூக்கு மரத்து, இந்தத் தொழிலிலேயே நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். எண் வேலைக்காரனுக்கு எழுதுகிறேன் என்பதால் எண் போட்டே எழுதியிருக்கிறேன்.

1. ஒரு படகுக்கு இரண்டு எண். இதை முதலில் மனசில் வாங்கிக்கொள். ஒன்று அரசாங்கம் கொடுப்பது. ஐஎன்டி என்று நாடு, டிஎன் என்று மாநிலம், பிறகு இடத்துக்கான எண், படகின் வகை, கடைசியில் வரிசை எண். இராமேஸ்வரம் விசைப்படகு என்றால் நடுவில் 10, எம்எம் என்று வரும். அவுட்போர்டு எஞ்சின் மாட்டும் நம் ஃபைபர் படகுக்கு எம்ஓ. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனது என்று பேப்பரில் செய்தி வந்தால், கூடவே அச்சாகும் எண் அதுதான். மற்றது பட்டறை கொடுப்பது; உடல் எண். எந்தப் பட்டறை, எத்தனையாவது உடல், எந்த மாதம், எந்த வருஷம் என்று சொல்வது. பதிவு எண் சட்டை என்றால் உடல் எண் மச்சம். படகு கைமாறும், வேறு ஊருக்குப் போகும், பெயின்ட் மாறும், பெயர் மாறும். மச்சம் அங்கேயே இருக்கும்.

நான் வேலை பார்த்த பட்டறைகளில் இந்த இரண்டாவது எண்ணை யாரும் கட்டாயம் என்று நினைத்ததில்லை. அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் இது சட்டம். கனடாவில் 1981 ஆகஸ்ட் முதல். அமெரிக்கக்காரர்கள் பன்னிரண்டு இலக்கம் வைக்கிறார்கள். முதல் மூன்று, பட்டறைக்கு அவர்களுடைய கடலோரக் காவல்படை கொடுத்த எழுத்து. அடுத்த ஐந்து உடலின் வரிசை எண். ஒன்பதாவது இடத்தில் மாதம், ஜனவரிக்கு ‘ஏ’, டிசம்பருக்கு ‘எல்’. பத்தாவது, கட்டிய வருஷத்தின் கடைசி இலக்கம். மிச்சம் இரண்டும் மாடல் வருஷம். இடையில் கோடு, புள்ளி, இடைவெளி எதுவும் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் கால் அங்குல உயரமாவது இருக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் தனக்காக ஒருவன் படகு கட்டிக்கொண்டாலும் மாநில அரசிடம் போய் இந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிக்க வேண்டும். உங்கள் முதலாளி உடல் எண் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார் என்றால், அவர் நல்ல மனுஷன். அந்தப் பட்டறையை விட்டுவிடாதே.

2. எண் படகை மட்டும் கட்டிப் போடுகிறது என்று நினைக்காதே. கட்டினவனையும் கட்டிப் போடுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி அலைக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகு கேட்டார்கள். உதவி செய்ய வந்த நிறுவனங்கள் பணத்தோடு நின்றன. நேற்றுவரை வேறு தொழில் பார்த்தவர்கள்கூடக் கொட்டகை போட்டு மோல்டு இறக்கினார்கள். அந்த அவசரத்தில் கட்டிய பல படகுகளுக்குத் தரம் போதாது என்று அப்போதே புகார் எழுந்தது. மூன்று லேயர் போட வேண்டிய இடத்தில் இரண்டு, ரோவிங் வர வேண்டிய இடத்தில் வெறும் மேட். பின்பக்கப் பலகை எஞ்சின் அதிர்வில் விரிசல் விட்டு, ஒருவர் என்னிடம் பழுதுக்குக் கொண்டுவந்தார். எந்தப் பட்டறையில் கட்டியது என்று கேட்டேன். கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை. படகை நான்கு பக்கமும் தேடிப் பார்த்தோம், ஒரு எழுத்து இல்லை. அதைக் கட்டியவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அதனால்தான் சொல்கிறேன்: வேலை சுமாராக வந்த உடலுக்கும் எண் வை. முக்கியமாக அதற்கு வை. புகார் உன் வாசலுக்குத் திரும்பி வரும் என்று தெரிந்தவன்தான் அடுத்த லேயரைக் குறைக்க மாட்டான்.

3. காகிதத்தைப் பார்த்து எழுது, வாயை நம்பாதே. படகுக்காரர் வேகமாகச் சொல்வார், பக்கத்தில் கிரைண்டர் ஓடும், உன் காதில் எட்டு எழுபது ஆகும். எங்கள் பக்கத்தில் ஒருவர் படகில் எண் வெளிறிப்போய், பெயின்டர் தடவிப் பார்த்து 3 இருந்த இடத்தில் 8 என்று புதுப்பித்துவிட்டார். மீன்பிடித் தடைக் காலத்தில் அதிகாரிகள் படகு ஆய்வுக்கு வந்தபோது சான்றிதழில் ஒன்று, படகில் ஒன்று. அந்த மனுஷன் திருட்டுப் படகு வைத்திருப்பவரைப் போல அலுவலக வாசலில் நின்றதை நான் பார்த்தேன். பெயின்டருக்கு அது ஒரு நிமிஷ வேலை. அமெரிக்க முறையில் உடலின் வரிசை எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்க்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஒன்றும் சுழியும் என்று படித்துவிடுவார்களாம். கெட்டிக்காரர்கள்தான். நீ எழுதி முடித்ததும் இன்னொருவனைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல். நீ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிரு. எழுதினவனே சரிபார்த்தால் கண் தான் எழுதியதைத்தான் பார்க்கும்.

4. கடல் அழிக்காததை மனுஷன் அழிப்பான். அதனால் உடல் எண்ணைப் பெயின்டில் எழுதுவது எழுதாததற்குச் சமம். அழித்தால் அழித்த தடம் தெரிய வேண்டும், பிடுங்கினால் அக்கம்பக்கம் பெயர்ந்து வர வேண்டும். சட்டம் வைத்த ஊர்களில் கேட்பது இதைத்தான். ஃபைபரில் இதற்கு நல்ல வழி, எண்ணை மோல்டிலேயே வைத்துவிடுவது. படகின் வெளிப்பக்கம் மோல்டின் உள்முகத்தைத் தொட்டுக்கொண்டு பிறப்பதால், அங்கே நீ ஒட்டும் எழுத்து இடம்வலம் மாறி இருக்க வேண்டும். ஸ்டிக்கர் கடையில் ‘மிரர்’ போட்டு வெட்டித் தரச் சொல். மெல்லிய ஸ்டிக்கர் வேண்டாம், கொஞ்சம் கனமான ஷீட்டில் கேள். ‘ஏ’, ‘எச்’, ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துகள் எப்படிப் போட்டாலும் ஒரே மாதிரி இருந்து உன்னை ஏமாற்றும். ‘என்’, ‘ஆர்’, 3, 7 இவைதான் உண்மையைச் சொல்லும். அவற்றைப் பார்த்துச் சரியா என்று முடிவு செய். எழுத்தின் ஓரங்களில் வாக்ஸை விரலால் நன்றாகத் தேய். அவசரப்பட்டால் படகை மோல்டிலிருந்து எடுக்கும்போது ஜெல்கோட் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஷேவிங் கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஜெல்கோட் அடிக்கும் முன் அதைக் காட்டி எண்ணை வாசிக்கச் சொல்வார். தட்டுத்தடுமாறி வாசித்தால் அன்றைக்கு ஜெல்கோட் டப்பா திறக்காது. எங்களுக்கெல்லாம் கோபம் வரும். எழுத்து இடம்வலம் மாறிப் பிறந்த படகு ஒன்றுகூட அவர் கொட்டகையிலிருந்து வெளியே போகவில்லை.

கட்டி முடித்த படகில் எண் கேட்டால் கிரைண்டரைத் தூக்காதே. ஜெல்கோட்டை ஆழமாக வெட்டினால் தண்ணீர் உள்ளே உள்ள லேயருக்குப் போக நீயே வழி வெட்டிக் கொடுக்கிறாய். மேலோட்டமாக உரசி, எண் எழுதிய மெல்லிய மேட் துண்டை வைத்து, மேலே நிறமில்லாத ரெசின் போட்டு மூடு. எண்ணைப் பென்சிலால் எழுது. பேனா மை ரெசினில் கரைந்து பரவிவிடும்; பென்சில் கோடு அப்படியே நிற்கும். கேட்டலிஸ்டைக் கையளவில் ஊற்றாதே, அளந்து ஊற்று. சூடேறிச் சுருங்கி வெடித்தால் ஒட்டிய துண்டு எண்ணோடு போகும்.

5. இடம் மாற்றாதே. படகின் பின்பக்கம், வலது மூலை, மேல் விளிம்பை ஒட்டி. உலகத்தில் பல நாடுகளில் இங்கேதான் தேடுகிறார்கள். உனக்கு அழகாகத் தெரிகிறது என்று அணியத்தில் வைத்தால் தேடுகிறவனுக்கு அது இல்லாத எண். ஒழுங்கு என்பது அடுத்தவன் தேடும் இடத்தில் வைப்பது.

6. இன்னொன்றை ஒளித்து வை. அமெரிக்கச் சட்டமே ஒவ்வொரு படகிலும் எண்ணை இரண்டாவது இடத்தில், வெளியே தெரியாமல், ஏதாவது பொருத்துக்கு அடியிலோ உட்புறத்திலோ வைக்கச் சொல்கிறது. வெளி எண்ணைச் சுரண்டியவன் உள் எண்ணைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. இங்கே தொழில் சிறியது, நாக்குதான் பெரியது. எந்தப் படகில் எங்கே வைத்தாய் என்று டீக்கடையில் பெருமைக்குச் சொன்னாயானால் ஒளித்து வைத்தும் பயனில்லை. படகுக்காரருக்கும் தெரியலாம், பட்டறை நோட்டுக்கும் தெரியலாம். உன் சிநேகிதனுக்குத் தெரிய வேண்டாம். என் வீட்டுக்காரிக்கே நான் சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை, அது வேறு விஷயம்.

7. கவிழ்ந்தாலும் படிக்க முடிய வேண்டும். பதிவு எண்ணை எழுதும்போது இதை நினைத்துக்கொள். பதிவு எண் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1989ல் மீன்பிடிப் படகுகளுக்கு வகுத்த முறையில், 5 முதல் 12 மீட்டர் வரை நீளமுள்ள படகில் எழுத்து 30 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். கருப்பில் வெள்ளை, அல்லது வெள்ளையில் கருப்பு. நம் முப்பதடிப் படகு அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எனக்கு வேறு ஒன்று உறைத்தது. கவிழ்ந்து மிதக்கிற படகில் வெளியே தெரிவது அடிப்பாகம். இரண்டு பக்கமும் நீ அழகாக எழுதியது தண்ணீருக்குள் இருக்கும். தேடிப் போகிற படகிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளை முதுகு, அவ்வளவுதான். குமரிக் கரையில் அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்ட கேள்வி, அது யார் படகு என்பது. அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொடுத்த படகுகளில் அடிப்பாகத்திலும், அணியத்தை ஒட்டி, எண் எழுத வைத்தேன். மணலில் இழுத்து இழுத்து அது தேயும். தடைக் காலத்தில் படகு கரையேறும்போது மறுபடி எழுது. கூலி கேட்காதே. எந்தச் சட்டமும் உன்னிடம் கேட்காத வேலை அது, நீயாகச் செய்.

8. பழைய எண்ணோடு ஒருவர் வருவார். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. முழுகிப்போன படகின் சான்றிதழ் அவர் கையில் இருக்கும். புது உடல் கட்டச் சொல்லி, அதே எண்ணை அதில் வை என்பார். புதுப் பதிவுக்கு அலைய முடியாது, மானிய டீசல் தடைப்படும், பிள்ளைகள் படிப்பு என்று காரணம் வரிசையாக வரும். பாதி காரணம் உண்மையாகவும் இருக்கும். அதுதான் கஷ்டம். கெட்டவன் வந்து கேட்டால் மறுப்பது சுலபம்; கஷ்டப்பட்டவன் வந்து கேட்கும்போதுதான் உன் குணம் தெரியும். எங்கள் மேஸ்திரியிடமும் ஒருவர் அப்படி வந்தார், தூரத்து உறவுக்காரர். மேஸ்திரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “படகு புதுசுன்னா எண்ணும் புதுசுதான்” என்றார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, அவரோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தானே போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அரை நாள் கூலி போனது. மறுப்பதென்றால் அப்படி மறுக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வது பெரிய நேர்மை இல்லை.

அந்த எண்ணில் உனக்கு என்ன போயிற்று என்று கேட்பவர்களும் உண்டு. 2008 நவம்பரில் மும்பைக்கு வந்த கொலைகாரர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் பிடித்துக்கொண்டுதான் கரையை நெருங்கினார்கள். நாடு முழுவதும் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரே மாதிரிப் பதிவு, கடலில் அடிக்கடி சோதனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு இறுகியவை. ஒரே எண்ணில் இரண்டு படகு கடலில் இருந்தால், ஒன்று செய்ததற்கு இன்னொன்றில் இருப்பவன் பதில் சொல்ல வேண்டி வரும். எல்லைக்கு அப்பால் படகு பிடிபட்டு, உரிமையாளர் சான்றோடு நேரில் வர வேண்டும் என்று அங்கே நீதிமன்றம் சொல்லும்போது, சான்றும் உடலும் பொருந்தாமல் நிற்பவன் நிலையை யோசித்துப் பார். பழைய எண்ணை வைத்துக் கொடுத்ததற்குப் பட்டறையில் கூடுதலாகக் கிடைத்த ஐந்நூறு ரூபாய் அவனை மீட்டுக்கொண்டு வராது.

எண் சுரண்டிய படகு பழுதுக்கு வந்தால் கை வைக்கும் முன் முதலாளியிடம் சொல். அவர் பார்க்காத மாதிரி இரு என்றால், உன் அம்மாவிடம் சொல்லி என்னை ஒரு தடவை அங்கே கூப்பிடு.

9. பழுது பார்க்கும்போது எண்ணைத் தின்றுவிடாதே. பின்பலகை உளுத்துப்போய் வெட்டி எடுப்பார்கள். எண்ணும் அதோடு குப்பைக்குப் போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வெட்டும் முன் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள், போனில் படமும் எடு. புதுப் பலகையில் அதே எண், அதே இடம். வெட்டிய துண்டைப் படகுக்காரர் கையில் கொடு.

10. சாமிக்கும் நடிகருக்கும் நடுவில் இடம் கேட்கத் தெரிய வேண்டும். படகுக்காரருக்கு எண் முக்கியமில்லை. அந்தோணியார் படம், முருகன் வேல், மகள் பெயர், தலைவர் முகம், இதெல்லாம் எங்கே வர வேண்டும் என்றுதான் அவர் கனவு கண்டிருப்பார். எண்ணுக்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் மூலை. வாதாடாதே. அவர் கடன் வாங்கிக் கட்டுகிற படகு அது. படங்கள் வரும் முன்பே எண்ணுக்கான கட்டத்தைப் பென்சிலால் போட்டு வைத்துவிடு. “அண்ணே, இதுக்கு மேல எல்லாம் உங்களுக்குத்தான்” என்று சொல். சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். ஒருவர் மட்டும் நடிகரின் மூக்குக் கண்ணாடிக்குள் எண்ணை எழுதச் சொன்னார். எழுதவில்லை, இன்னும் என்னோடு பேசுவதில்லை.

11. பதிவான கப்பல்களில் பிரதான உத்திரத்திலேயே அதன் எண்ணை வெட்டி வைக்க வேண்டும் என்பது பழைய முறை. கப்பல் எத்தனை கை மாறினாலும் உள்ளே இறங்கி உத்திரத்தைப் பார்த்தால் போதும். நமக்கு உத்திரம் கிடையாது, நோட்டுதான் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் கடலில் போடுகிறோம். ஒவ்வொரு உடலுக்கும் ஒரு பக்கம். உடல் எண், மோல்டிலிருந்து எடுத்த தேதி, எத்தனை லேயர், ரெசின் எந்த டிரம், உருட்டியவர்கள் பெயர், வாங்கியவர் பெயர், எஞ்சின் எண், உள் எண் இருக்கும் இடம். பால்பாயின்ட் பேனாவால் எழுது. ஜெல் பேனா கடற்கரை ஈரத்தில் ஊறும். தவறாக எழுதினால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் எழுது. ஒயிட்னர் தடவாதே, நாளைக்கு யாராவது பார்த்தால் தடவிய இடத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். உருட்டியவர்கள் பெயரில் உன் பெயர் வரும் நாளும் வரும். அதுவரை மற்றவர்கள் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுது. சம்பளப் புத்தகத்தைத் தவிர அவர்கள் பெயர் எழுதப்படும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். மாதம் ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. புயலில் கொட்டகை போனால் நோட்டும் போகும். கெட்டி அட்டை நோட்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ. அத்தை கணவாய் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா